450 புள்ளியில் மூன்று சண்டைகள்: புதிதாக டி.எம். ஆகிறவர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில் நான் முதன்முதலில் டி.எம். ஆக, அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிற டன்ஜன் மாஸ்டராக, உட்கார்ந்த நாளில் ஓர் ஓகரை, மூர்க்கமான ஒரு ராட்சசனை, இறக்கினேன். எதிரே நாலு பேர், எல்லோரும் முதல் லெவல். யார் முதலில் என்று தீர்மானிக்கிற இனிஷியேட்டிவில் ஓகர் முந்திக்கொண்டது. கையிலிருந்த தடியால் விசார்ட்டை, அதாவது மந்திரவாதிப் பாத்திரத்தை, ஓங்கி அடித்தது. எட்டுமுகப் பகடை இரண்டு, அதோடு 4. பகடைகள் 11 காட்டின, ஆக மொத்தம் 15. விசார்ட்டுக்கு இருந்ததே 7 ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் அளவு. அது பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் மிஞ்சி நிற்கிற அடி, அந்தப் பாத்திரத்தின் முழு ஹிட் பாயிண்டை எட்டிவிட்டால் மயக்கமெல்லாம் கிடையாது, நேராக மரணம்தான். 15இல் 7 போனால் 8. விசார்ட் செத்துப்போனாள். அவளுடைய ஊர், குரு, வளர்த்த ஆந்தை என்று இரண்டு வாரமாக எழுதிக்கொண்டு வந்திருந்த தோழி, தாளை மடித்து வைத்துவிட்டு மீதி மூன்று மணி நேரமும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து அதே குழு மூன்றாம் லெவலுக்கு வந்தது. மறுபடியும் ஓர் ஓகர். இந்தத் தடவை புது விசார்ட் ஹிடியஸ் லாஃப்டர் மந்திரத்தைப் போட்டாள். ஓகர் விழுந்து புரண்டு சிரித்தது. சுற்றி நின்று வெட்டினார்கள். எல்லோரும் ஒரு முறை ஆடினால் ஒரு ரவுண்ட், இரண்டே ரவுண்டில் முடிந்தது. ஓகர் ஒருவரைக்கூடத் தொடவில்லை.

ஒன்று கொலை, மற்றது சலிப்பு. இரண்டையும் யோசித்துப் பார்த்தபோது குறை ஒன்றுதான் என்று புரிந்தது: இரண்டு சண்டையிலும் ஆட்டக்காரர் எவருக்கும் முடிவெடுக்க எதுவுமே இல்லை. சவாலான சண்டை என்று நான் இப்போது சொல்வது, தன் டர்ன் வரும்போது ஒவ்வொருவரும் "இதைச் செய்யவா, அதைச் செய்யவா" என்று உண்மையிலேயே தவிக்கிற சண்டையை. பாத்திரம் சாகும் அபாயம் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தத் தவிப்பை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எண்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து. இதில் வருகிற எதிரிகளின் கணக்குகள் எல்லாம் எஸ்.ஆர்.டி. 5.1 என்ற இலவச ஆவணத்தில் இருக்கின்றன. 2023 ஜனவரியில் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்துப் புத்தகம் வாங்காமலேயே தொடங்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் படி: நாலு பேரின் தாளையும் வாங்கிப் படியுங்கள்

எதிரியைத் தேடப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போதும்: ஆர்மர் கிளாஸ் (எதிரி உருட்டுகிற எண் இதை எட்டினால்தான் அடி படும்), ஹிட் பாயிண்ட், அவர் ஆசைப்பட்டு எடுத்த திறமை. எங்கள் மூன்றாம் லெவல் குழுவின் பக்கம் இப்படி இருந்தது. ஃபைட்டருக்கு (போர்வீரன்) 28 ஹிட் பாயிண்ட், கேடயத்தோடு ஆர்மர் கிளாஸ் 18. கிளெரிக்குக்கு (பூசாரி) 24, அவருக்கும் 18. ரோகுக்கு (திருடி) 21, ஆர்மர் கிளாஸ் 14. விசார்ட்டுக்கு 17, ஆர்மர் கிளாஸ் 12. எல்லாம் கூட்டினால் 90 ஹிட் பாயிண்ட்.

இந்த 90தான் நீங்கள் செலவழிக்கப்போகிற பணம். விசார்ட்டின் 17 என்பது நீங்கள் எந்த நேரமும் மறக்கக் கூடாத எண். ஓர் எதிரியின் சராசரி அடி இந்த எண்ணைத் தாண்டினால், அந்த எதிரியைக் கொண்டுவரும் முன் இன்னொரு தடவை யோசிக்க வேண்டும்.

ஆசைப்பட்டு எடுத்த திறமையை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், புது டி.எம்.கள் பலர் "இவர்கள் இந்த மந்திரத்தை வைத்தே ஜெயிக்கிறார்கள்" என்று எரிச்சல்பட்டு அந்த மந்திரம் பலிக்காத எதிரியாகவே தேடிக் கொண்டுவருவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவர் விரும்பி எடுத்ததை முடக்கினால் அவர் ஆட்டத்திலிருந்தே விலகிப்போவார். அந்தத் திறமை பலிக்கட்டும். அது பலித்த பிறகும் சண்டை மிச்சம் இருக்கும்படி அமைப்பதுதான் நம் வேலை.

இரண்டாம் படி: அட்டவணைக் கணக்கு

ஒவ்வோர் எதிரிக்கும் எக்ஸ்.பி., அதாவது அனுபவப் புள்ளி, மதிப்பு உண்டு. ஒவ்வொரு லெவலுக்கும், தலைக்கு இத்தனை எக்ஸ்.பி.யிலிருந்து எளிது, நடுத்தரம், கடினம், உயிராபத்து என்று நாலு வரம்புகள் உண்டு. முதல் ஐந்து லெவலுக்கு அவை இவை:

லெவல் 1: 25, 50, 75, 100
லெவல் 2: 50, 100, 150, 200
லெவல் 3: 75, 150, 225, 400
லெவல் 4: 125, 250, 375, 500
லெவல் 5: 250, 500, 750, 1,100

உங்கள் குழுவில் எத்தனை பேரோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் லெவலில் நாலு பேர் என்றால் 300 எளிது, 600 நடுத்தரம், 900 கடினம், 1,600 உயிராபத்து.

அடுத்து எதிரிகளின் எக்ஸ்.பி.யைக் கூட்டி, அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு மடங்கு போட வேண்டும். ஒரே எதிரி என்றால் அப்படியே. இரண்டு பேர் என்றால் ஒன்றரை மடங்கு. 3 முதல் 6 வரை இரண்டு மடங்கு. 7 முதல் 10 வரை இரண்டரை. 11 முதல் 14 வரை மூன்று. 15ம் அதற்கு மேலும் என்றால் நாலு. உங்கள் குழுவில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு படி குறைத்துப் போடுங்கள்.

ஓகர் 450 எக்ஸ்.பி. நாலு முதல் லெவல் பாத்திரங்களுக்கு உயிராபத்து வரம்பே 400தான். நான் அன்று இந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அந்த விசார்ட் பிழைத்திருப்பாள். பின்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: ஓகரின் அடி பட்டுவிட்டால், 7 ஹிட் பாயிண்ட் உள்ளவர் அங்கேயே சாவதற்கு 64இல் 28 வாய்ப்பு, கிட்டத்தட்ட 44 சதவீதம்.

2024இல் திருத்தி வந்த விதிகளில் இந்த மடங்குக் கணக்கை எடுத்துவிட்டார்கள், வரம்புகளும் மூன்றாகச் சுருங்கிவிட்டன. கணக்கு சுலபமானது நல்லதுதான். ஆனால் அந்த மடங்குகள் எதற்காக இருந்தன என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ளாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: டர்ன்களை எண்ணுங்கள்

ஓகருக்கு 450 எக்ஸ்.பி. கோப்ளின் என்ற குட்டி எதிரி ஒன்றுக்கு 50. அப்படியானால் ஒன்பது கோப்ளின்களுக்கும் 450தான். ஓகரின் ஹிட் பாயிண்ட் 59. ஒன்பது கோப்ளின்களுக்கும் தலைக்கு 7 வீதம் 63. எக்ஸ்.பி. சமம், தாங்கும் சக்தியும் ஏறக்குறைய சமம். அப்படியென்றால் இரண்டும் ஒரே அளவு கடினமா?

கணக்குப் போடுவோம். குழுவின் சராசரி ஆர்மர் கிளாஸை 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓகருக்கு அடிக்க +6, ஆகவே 20 முகப் பகடையில் 10 விழுந்தால் போதும், 55 சதவீதம். பட்டால் சராசரி 13. ஒரு ரவுண்டுக்கு 7 சொச்சம். கோப்ளினுக்கு +4, 12 விழ வேண்டும், 45 சதவீதம். பட்டால் சராசரி 5.5. ஒரு கோப்ளின் ரவுண்டுக்கு இரண்டரைதான் தரும், ஆனால் ஒன்பது பேர் சேர்ந்தால் 22. ஓகரைப் போல மூன்று மடங்கு! பகடை இரட்டிக்கிற கிரிட்டிகல் அடியை இதில் நான் சேர்க்கவே இல்லை. குழுவிடம் இருக்கிற 90 ஹிட் பாயிண்டில் கால் பங்கு முதல் ரவுண்டிலேயே போகலாம்.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். 3 புலி, 15 ஆடு. அங்கே ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஒரே ஓர் ஆட்டைத்தான் நகர்த்தலாம், அதனால்தான் ஆட்டம் சமமாக நிற்கிறது. அந்த விதியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 15 ஆடும் நகரலாம் என்று சொல்லிப் பாருங்கள். புலிகள் மூச்சுவிட இடம் இருக்குமா? டி அண்ட் டி சண்டையில் நடப்பது அதுதான். ஒவ்வொரு ரவுண்டிலும் எல்லா ஆடும் நகர்கிறது. அட்டவணையின் மடங்குகள் அந்த வேறுபாட்டுக்குத்தான். ஒற்றை ஓகர் 450, எளிது. ஒன்பது கோப்ளின் 450ஐ இரண்டரையால் பெருக்கினால் 1,125, கடினத்தையும் தாண்டிவிட்டது.

இதையே மந்திரங்களின் பக்கமிருந்தும் பாருங்கள். ஓகர் புத்தி குறைந்தது, மன உறுதிச் சோதனையில் அதற்கு 2 கழியும். எங்கள் விசார்ட்டின் மந்திரத்தை அது முறியடிக்க 20 முகப் பகடையில் 15ஆவது விழ வேண்டும். அதாவது பத்தில் ஏழு தடவை ஒற்றை மந்திரத்தில் எதிர்ப்பக்கத்தின் டர்ன் மொத்தமும் காலி. கோப்ளின் கூட்டத்துக்கு அந்த மந்திரம் உதவாது, ஆனால் ஸ்லீப் மந்திரம் சராசரியாக 22 ஹிட் பாயிண்ட் அளவு எதிரிகளைத் தூங்கவைக்கும், மூன்று கோப்ளின்கள் ஒரே வீச்சில் கீழே. ஒற்றை எதிரிக்கு ஒரு சாவி, கூட்டத்துக்கு இன்னொரு சாவி. இரண்டையும் கலந்தால் எந்த ஒரு சாவியும் பூட்டை முழுசாகத் திறக்காது.

நான் கடைப்பிடிக்கிற அளவு இது: ஆட்டக்காரர்கள் நாலு பேர் என்றால் எதிரிக்கு ரவுண்டுக்கு நாலு முதல் ஆறு டர்ன். மூன்றுக்குக் கீழே போனால் சப்பென்று ஆகிறது. எட்டைத் தாண்டினால் ஆபத்து ஒரு பக்கம், காத்திருப்பு இன்னொரு பக்கம், டி.எம். எட்டு தடவை பகடை உருட்டுவதை நாலு பேர் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும்.

ஒற்றை ராட்சசன்தான் வேண்டும் என்று ஆசையாக இருந்தால், அவனுக்குத் துணையாள் இரண்டு பேரைக் கொடுங்கள். பெரிய டிராகன்களுக்கு மற்றவர்களின் டர்ன் முடிவில் செயல்படுகிற லெஜண்டரி ஆக்ஷன் மூன்று இருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

நாலாம் படி: தரை

இனி மூன்றாவது 450. கோப்ளின் இனத்துப் பெரிய எதிரியான ஒரு பக்பேர் 200, நாலு கோப்ளின் 200, ஓர் ஓநாய் 50. ஆறு எதிரிகள், இரண்டு மடங்கு, 900. மூன்றாம் லெவல் நாலு பேருக்குச் சரியாகக் கடினத்தின் வாசல். இதை வெறும் புல்வெளியில் வைத்தால் எல்லோரும் நடுவில் போய்க் குவிந்து, செத்து விழும்வரை மாறி மாறி அடித்துக்கொள்வார்கள். நாலைந்து ரவுண்ட் அப்படிப் போனால் யாருக்குமே எதுவும் நினைவில் நிற்காது.

நான் இதை ஓர் ஆற்றுத்துறையில் வைத்தேன். கட்டம் போட்ட தாளில் மேற்கிலிருந்து கிழக்காக 24 கட்டம், ஒரு கட்டம் 5 அடி. மேற்குக் கரை 6 கட்டம், ஆறு 6 கட்டம், கிழக்குக் கரை 12 கட்டம், அதற்கப்பால் காடு. ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர், இழுப்பு உண்டு. விதிப்படி கடினத் தரை, ஓர் அடி நடக்க இரண்டு அடியின் நடை செலவாகும். துறைக்குச் சற்று மேலே ஒரு பழைய மரம் ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கிறது. சமநிலைச் சோதனையில் 10 எடுப்பவர் அதன்மேல் முழு வேகத்தில் ஓடிவிடலாம், தவறினால் தண்ணீர். கிழக்குக் கரையில் பத்தடி மேட்டில் ஓர் இடிந்த சுவர்.

ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். தண்ணீர் "நேரத்தைக் கொடுக்கிறாயா?" என்று கேட்கிறது. மரம் "விழும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு வேகத்தை வாங்குகிறாயா?" என்று கேட்கிறது. சுவருக்குப் பின்னால் இரண்டு கோப்ளின்கள் வில்லோடு இருக்கிறார்கள். பாதி மறைப்பு +2 தரும், அதனால் அவர்களின் ஆர்மர் கிளாஸ் 15 இல்லை, 17. அடிக்க +5 உள்ள எங்கள் ஆட்களுக்கு 55 சதவீதம் 45 ஆகக் குறைகிறது. போதாக்குறைக்கு, அம்பு விட்டுவிட்டுப் போனஸ் ஆக்ஷனில், அதாவது அதே டர்னில் கிடைக்கிற கூடுதல் செயலில், ஒளிந்துகொள்ளும் திறமை கோப்ளினுக்குப் பிறவியிலேயே உண்டு. புதிய டி.எம்.கள் இந்த வரியைப் படிக்காமல் கோப்ளினை நேரே ஓடவிட்டு வெட்டுப்பட வைக்கிறார்கள். எதிரியின் தாளில் அடி, ஹிட் பாயிண்ட் தவிர என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரியில்தான் அந்த எதிரியின் குணமே இருக்கும்.

தரைக்கு எத்தனை பொருள் வேண்டும்? மூன்று போதும். ஏழெட்டு வைத்தேன் ஒரு தடவை: சதுப்பு, முள், தொங்கு பாலம், எரியும் வைக்கோல். யாருக்கும் எதுவும் மனதில் தங்கவில்லை. நடக்க ஒன்று தடையாக, ஒளிய ஒன்று, துணிந்தவருக்குக் குறுக்குவழியாக ஒன்று. பரிசும் அபாயமும் இரண்டு கரையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும்.

பக்பேரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் சாதாரண அடி சராசரி 11. முதல் ரவுண்டில், எதிர்பாராமல் அகப்பட்டவரை அடித்தால் இன்னும் ஆறுமுகப் பகடை இரண்டு கூடும், சராசரி 18 ஆகிவிடும். விசார்ட்டுக்கு 17. நோட்டில் எழுதிவைத்த அந்த எண் எனக்கு இங்கேதான் கைகொடுத்தது. பக்பேரைப் புதரில் ஒளித்துவைக்கலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். எண்ணைப் பார்த்ததும் அதைத் துறையின் கிழக்கு வாயிலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தினேன். கண்ணில் பட்ட ஆபத்தைப் பற்றி ஆட்டக்காரர் யோசிக்க முடியும். புதரிலிருந்து பாய்கிற ஆபத்தைப் பற்றி யோசிப்பதற்குள் பாத்திரம் விழுந்திருக்கும்.

ஐந்தாம் படி: சண்டை எதற்காக?

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியைக் கொல்வது மட்டுமே குறிக்கோளாக இருக்கும் சண்டையில் ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: யாரை அடிப்பது? இன்னொரு குறிக்கோளை உள்ளே வைத்தவுடன் ஒவ்வொரு டர்னும் இரண்டாகப் பிளக்கிறது.

ஆற்றுத்துறையில் மீதி இரண்டு கோப்ளின்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் காய்ச்சல் பரவியிருக்கிறது. மருந்து மூலிகை ஏற்றி வந்த வண்டி அது. குழு மேற்குக் கரைக்கு வந்து சேரும்போது வண்டி கிழக்குக் கரையில் ஏறியிருக்கிறது. ரவுண்டுக்கு 15 அடி நகரும். காடு 60 அடி தூரம். நாலு ரவுண்ட். வண்டி காட்டுக்குள் போய்விட்டால் மருந்து இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். குழு ஆற்றிலிருந்து 30 அடி தள்ளி நிற்கிறது. ஒருவர் வேறு எதையும் செய்யாமல் டேஷ் எடுத்து, 30 அடிக்குப் பதில் 60 அடி நடையாக, ஓடினால் முதல் ரவுண்டில் ஆற்றின் நடுவுக்கு வருவார், இரண்டாம் ரவுண்ட் முடிவில் வண்டியைத் தொட்டுவிடுவார். ஆனால் வழியில் பக்பேர் நிற்கிறது, ஓநாய் பாய்கிறது, மேட்டிலிருந்து அம்பு வருகிறது. நின்று சண்டையிட்டால் நேரம் போகும். ஓடினால் அடி விழும். யாராவது இருவர் ஓடி, இருவர் மறிக்கலாம், ஆனால் அப்போது விசார்ட் யார் பக்கம்?

வண்டியை இழுக்கிற கோப்ளின்கள் அடிப்பதில்லை. அதனால் குழுமேல் விழும் அடி ரவுண்டுக்குச் சராசரி 13தான்: பக்பேரிடமிருந்து 5, வில்லாளிகள் இருவரிடமிருந்து 5, ஓநாயிடமிருந்து 3. ஒன்பது கோப்ளின்களின் 22ஐவிட இது எவ்வளவோ குறைவு. எக்ஸ்.பி. அதே 450. ஆனால் எங்கள் மேசையில் ஆட்டக்காரர்கள் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தது இந்தச் சண்டையில்தான். கடினம் வேறு, உயிரெடுப்பது வேறு. அடியைக் கூட்டாமலேயே கடினத்தைக் கூட்டலாம் என்பதை அந்த மாலையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

வண்டிக்குப் பதிலாக மணி அடிக்க ஓடுகிற காவலாள், முடியப்போகிற சடங்கு, எரிகிற வீட்டில் அகப்பட்ட குழந்தை, திறந்தே வைத்திருக்க வேண்டிய கதவு எதுவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: தோற்றாலும் கதை தொடர வேண்டும். மருந்து வண்டி போய்விட்டால் காட்டுக்குள் தடம் பார்த்துப் போகலாம், ஊரில் சிலர் சாகலாம், ஊர்த்தலைவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பாத்திரங்கள் உயிரோடு இருந்து அந்தத் தோல்வியைச் சுமப்பது, செத்துப்போவதைவிடக் கனமானது.

ஆறாம் படி: எதிரிக்கும் உயிர் மேல் ஆசை உண்டு

ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: எதை விரும்புகிறது, எப்போது ஓடும். இந்த ஆட்டத்தின் 1981 பேசிக் விதிகளில் ஒவ்வோர் எதிரிக்கும் 2 முதல் 12 வரை மனத்திடத்துக்கு ஓர் எண்ணே இருந்தது. ஆபத்து வந்தால் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி, எண்ணைத் தாண்டினால் எதிரி பின்வாங்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் பகடை இல்லாமலேயே செய்யலாம். என் தாளில் இருந்தது: "பக்பேர் விழுந்தால் கோப்ளின்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடும். ஓநாய் பாதி ஹிட் பாயிண்டுக்குக் கீழே போனால் ஓடும். பக்பேர் ஓடாது, ஏனென்றால் வெறுங்கையோடு திரும்பினால் தலைவன் கொன்றுவிடுவான்."

இதனால் இரண்டு நன்மை. முடிவு தெரிந்த பிறகும் கடைசி இரண்டு கோப்ளின்களை அரை மணி நேரம் துரத்தி வெட்டுகிற அலுப்பு இல்லை. கூடவே, எதிரிகள் பயப்படுவதைக் கண்டதும் ஆட்டக்காரர்கள் மிரட்டவும் பேரம் பேசவும் தொடங்குவார்கள்.

கீழே விழுந்து கிடக்கிறவரை எதிரி அடிக்குமா என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள், மேசையில் உணர்ச்சி வேகத்தில் முடிவு செய்யாதீர்கள். பூஜ்யத்தில் மயங்கியவர் தன் டர்னில் உயிர்ச் சோதனை உருட்டுவார், மூன்று தோல்வி என்றால் மரணம். ஐந்தடிக்குள் நின்று அவரை ஒருவர் அடித்தால் அந்த அடி தானாகவே கிரிட்டிகல், அதற்கு இரண்டு தோல்வி கணக்கு. ஓநாயின் ஒரே கடியில் மூன்றில் இரண்டு போய்விடும். பசித்த ஓநாய் கடிக்கலாம், அது நியாயம்தான். ஆனால் அது அப்படிச் செய்யும் என்று முன்கூட்டியே ஆட்டக்காரருக்குக் காட்டுங்கள்: "ஓநாய் விழுந்தவனின் தோளைக் கவ்வி இழுக்கப் பார்க்கிறது, அடுத்த டர்னில் கடித்துவிடும்." கிளெரிக் இப்போது ஓடி வருவாரா, இல்லை பக்பேரைத் தடுத்து நிற்பாரா? பாருங்கள், இன்னொரு தவிப்பு.

ஏழாம் படி: ஒரு நாளில் எத்தனை சண்டை?

இதைப் பலர் கவனிப்பதில்லை. 2014இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட், ஹிட் பாயிண்டையும் மந்திரங்களையும் திருப்பித் தருகிற ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு முதல் எட்டு வரை நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைக் குழு தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் கூடி ஆடுகிற குழுவுக்கு அது எங்கே நடக்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்றாம் லெவல் விசார்ட்டுக்கு மந்திரம் போடும் வாய்ப்பான ஸ்லாட் முதல் படியில் நாலு, இரண்டாம் படி இரண்டு. ஒரே சண்டை என்று தெரிந்தால் ஆறையும் அதிலேயே கொட்டிவிடுவார். அப்போது "கடினம்" என்று அட்டவணை சொன்னது உங்கள் மேசையில் எளிதாகிவிடும்.

அதற்கு இரண்டு வழி. ஒரு நாளுக்கு ஒரே சண்டை என்றால் கடினத்துக்கும் உயிராபத்துக்கும் நடுவில் எங்காவது வையுங்கள், ஆனால் ஒரேயடியாக இறக்காமல் அலை அலையாக. இன்னொரு வழி, நீண்ட ஓய்வை எளிதில் தராதீர்கள்: ஊரில் காய்ச்சல் பரவும்போது எட்டு மணி நேரம் யார் தூங்குவார்கள்? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். விதியை மாற்றத் தேவையில்லை, கதையே அந்த வேலையைச் செய்துவிடும்.

எட்டாம் படி: மேசையில்

இரண்டு மூன்று சின்ன விஷயங்கள்தான். எதிரிகளின் அடிக்குப் பகடை உருட்டாமல் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள், கோப்ளினுக்கு 5, பக்பேருக்கு 11. நேரம் மிச்சமாகும், திடீர் மரணமும் குறையும். ஒரே மாதிரி எதிரிகளுக்கு ஒரே இனிஷியேட்டிவ். "அடுத்து நீங்கள், அதற்கடுத்து கிளெரிக்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சண்டை கை மீறிப்போனால் என்ன செய்வது? எதிரியின் ஹிட் பாயிண்டை ரகசியமாகக் கூட்டுவதும் குறைப்பதும் பலருடைய பழக்கம். நான் அதை விட்டுவிட்டேன். ஆட்டக்காரர் நல்ல முடிவெடுத்து ஜெயித்ததை நான் இரகசியமாகப் பறிப்பதுபோல அது எனக்கு உறுத்தியது. அதற்குப் பதிலாகக் கதைக்குள்ளேயே இரண்டு நெம்புகோல்களை முன்கூட்டி வைத்துக்கொள்கிறேன். சுலபமாகப் போனால்: வண்டியை இழுக்கும் கோப்ளின்கள் கயிற்றை விட்டுவிட்டு வில்லை எடுக்கும், அடி 13இலிருந்து 18 ஆகும், ஆனால் வண்டி நின்றுவிடும். கடினமாகப் போனால்: சுவருக்குப் பின்னால் அம்பு தீர்ந்துவிட்டது, வில்லாளிகள் இறங்கி வர வேண்டும், மறைப்பு போய்விடும். இரண்டையும் சண்டைக்கு முன்பே தாளில் எழுதிவைத்திருந்தேன். ஆட்டக்காரர் கண்ணெதிரே நடக்கிற மாற்றம் என்பதால் அவர்கள் அதற்கும் பதில் யோசிக்கலாம்.

ஒன்பதாம் படி: முடிந்ததும் பத்து நிமிடம்

எல்லோரும் கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த டர்னில் ரொம்ப யோசித்தீர்கள்?" சண்டை நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். யோசித்த டர்னைக் கேட்டால் உண்மை வரும். பதில் வராதவர் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆற்றுத்துறை நாளில் என் நோட்டில் எழுதியது அப்படியே இது. "வண்டி மூன்றாம் ரவுண்டில் நின்றது, 45 அடியில். ரோக் மரத்தின் மேல் ஓடிப் போய்க் கயிற்றை வெட்டினாள். ஃபைட்டர் பக்பேரைத் தண்ணீரிலேயே மறித்தான், 6 ஹிட் பாயிண்ட் மிச்சம். விசார்ட்டிடம் கடைசி ஸ்லாட். பக்பேருக்குச் சிரிப்பா, வில்லாளிகளுக்குத் தூக்கமா என்று நாலு நிமிடம் யோசித்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. கிளெரிக்குக்கு முதல் இரண்டு ரவுண்டில் நடப்பதைத் தவிர வேலை இல்லை. அடுத்த தடவை மேற்குக் கரையிலும் ஏதாவது வைக்க வேண்டும்: அடிபட்ட வண்டிக்காரர்?"